வாக்கியமும் வானமும்: நாள் குறித்தவர்களின் கதை

2025ஆம் ஆண்டு மார்ச் மாதம் 29ஆம் நாள் சனிப்பெயர்ச்சி என்று இணையத்து நாட்காட்டிகள் பலவும் கைபேசிச் செயலிகள் பலவும் முன்கூட்டியே அறிவித்திருந்தன. திருநள்ளாற்றுக்குப் புறப்பட ஆயத்தமானோர் பலர். அந்நிலையில் தர்ப்பாரண்யேசுவரர் கோயில் நிர்வாகம் ஒரு விளக்கம் வெளியிட்டது: கோயில் வாக்கியப் பஞ்சாங்கத்தைப் பின்பற்றுவது, அதன்படி அன்று பெயர்ச்சி இல்லை, 2026இல்தான் பெயர்ச்சி. இஃது ஒருமுறை நிகழ்ந்த விந்தையன்று. இதற்கு முந்தைய பெயர்ச்சியைத் திருக்கணிதம் 2023 ஜனவரி 17இல் வைத்தது. திருநள்ளாறு அதே ஆண்டு டிசம்பர் 20இல் கொண்டாடிற்று. சனி மெல்ல நடக்கும் கிரகம். அதன் இருப்பிடத்தில் சில பாகை வேறுபட்டாலே நாட்காட்டியில் அது மாதக்கணக்காக நீண்டுவிடும்.

எந்த நாட்காட்டி சரி என்ற வினா உடனே எழுகிறது. ஆனால் அதற்கு முன் கேட்கவேண்டிய வினா வேறொன்று உண்டு. நாளை வரப்போகும் ஒரு நாளை நமக்கு முன்கூட்டிச் சொல்லும் உரிமை யாரிடம் இருந்தது, அவர்கள் அதை எவ்வாறு கணித்தார்கள் என்பதே அது. இலக்கியம் பயில்வோர்க்கு இதில் என்ன அக்கறை என்று கேட்பவர்கள் சிலப்பதிகாரத்தின் காலம் பற்றிய வழக்கை நினைவில் கொள்ளலாம். அதற்குப் பின்னர் வருவோம்.

வாரம், திதி, நட்சத்திரம், யோகம், கரணம் ஆகிய ஐந்து உறுப்புகளை உடையது பஞ்சாங்கம் என்பது யாவரும் அறிந்ததே. இவற்றுள் வாரம் ஒன்றுதான் எண்ணிக்கை மட்டுமே. ஏனைய நான்கும் வானத்தைப் பற்றிய கூற்றுகள். சூரியனிலிருந்து சந்திரன் பன்னிரண்டு பாகை விலகுவதற்கு ஆகும் காலம் ஒரு திதி. சந்திரன் ஒரே சீராக நடப்பதில்லை. பூமிக்கு அண்மையில் விரைந்தும் சேய்மையில் தளர்ந்தும் செல்கிறது. ஆதலால் திதியின் நீளம் நாள்தோறும் மாறும். மாறுகின்ற இந்த நடையைக் காகிதமும் தொலைநோக்கியும் இன்றி எவ்வாறு கணித்தார்கள்?

இங்கேதான் வாக்கியம் வருகிறது. சந்திரன் தன் பாதையில் பூமிக்கு மிக அண்மையிலிருந்து புறப்பட்டு மீண்டும் அந்நிலையை அடைய ஏறத்தாழ 27.55 நாள் ஆகிறது. இத்தகைய சுற்று ஒன்பது சேர்ந்தால் 248 நாள். பின்னம் ஏறக்குறைய இல்லை. ஆகவே 248 நாள்களுக்குச் சந்திரன் நடந்த தூரத்தை நாளுக்கொன்றாக எழுதி வைத்துக்கொண்டால், பின்னர் அந்தப் பட்டியலையே சுழற்றிச் சுழற்றிப் பயன்படுத்தலாம். வரருசியின் பெயரால் வழங்கும் சந்திர வாக்கியங்கள் 248 என்பதன் காரணம் இதுவே. ஒவ்வொரு வாக்கியமும் பொருள் தரும் ஒரு சிறு வடமொழித் தொடர். அதே சமயம் அதன் எழுத்துகள் எண்களைக் குறிக்கும்.

எழுத்தால் எண்ணைக் குறிக்கும் இம்முறைக்குக் கடபயாதி என்று பெயர். இசை அறிந்த வாசகர்க்கு இது புதிதன்று. தீரசங்கராபரணம் 29ஆவது மேளம் என்பதை அப்பெயரின் முதல் இரண்டு எழுத்துகளே சொல்லிவிடுகின்றன. 'தீ' ஒன்பது, 'ர' இரண்டு, வலமிருந்து இடமாகப் படித்தால் இருபத்தொன்பது. பஞ்சாங்கக் கணக்கர்களும் இதையே செய்தார்கள். 248 என்ற சுற்றுக்கு அவர்கள் இட்ட பெயர் 'தேவரம்' (நம் தேவாரத்தோடு இதற்கு உறவில்லை): 'தே' எட்டு, 'வ' நான்கு, 'ர' இரண்டு. அதைவிடப் பெரிய சுற்று 'கலாநிலம்': ஒன்று, மூன்று, சுழி, மூன்று, திருப்பிப் படித்தால் 3031. சந்திரனின் 110 சுற்றுகள் 3031 நாளில் முடிகின்றன. பிழை ஒரு நாளில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. இதனினும் பெரியது 12372 நாள் கொண்ட 'ரசகைரிகை'. கவிதைக்கும் கணிதத்துக்கும் இடையே இவ்வளவு நெருக்கமான ஓர் ஒப்பந்தத்தை வேறெங்கும் நாம் கண்டதில்லை. யாப்பிலக்கணம் நடத்தும் வகுப்பில் இதையும் ஒரு நாள் நடத்தலாம் என்று தோன்றுவதுண்டு.

தமிழகத்தில் இம்முறைக்கு வழிகாட்டி நூலாக விளங்கியது 'வாக்கியகரணம்'. 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாக மதிப்பிடப்படும் இந்நூலைத் தி. சு. குப்பண்ண சாஸ்திரியும் கே. வி. சர்மாவும் பதிப்பித்து 1962இல் சென்னையிலிருந்து வெளியிட்டனர்.

இந்த மரபை ஐரோப்பா அறிந்த கதை சுவையானது. வெள்ளிக்கோள் சூரியனைக் கடப்பதைக் காண்பதற்காகப் பிரான்சிலிருந்து புறப்பட்டவர் லெ ஜென்டீல். 1761இல் அவர் புதுச்சேரியை அடைய இயலவில்லை. ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டிருந்தது. கடப்பு நிகழ்ந்தபோது அவர் நடுக்கடலில் இருந்தார். எட்டு ஆண்டுகள் கீழை நாடுகளிலேயே காத்திருந்து 1769 ஜூன் மாதம் புதுச்சேரியில் கருவிகளை நிறுத்தி வைத்தபோது, சரியாக அந்த நேரத்தில் மேகம் மூடிக்கொண்டது. வாழ்நாள் முயற்சி இரண்டும் இவ்வாறு பாழான அம்மனிதர் வேறொரு செல்வத்தோடு ஊர் திரும்பினார். புதுச்சேரியில் தமிழர் ஒருவரிடம் கிரகணம் கணிக்கும் முறையை அவர் கற்றுக்கொண்டிருந்தார். 1765 ஆகஸ்ட் 30இல் நிகழ்ந்த சந்திர கிரகணத்தை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்ததையும் பதிவு செய்தார். அதன் கால அளவைத் தமிழ்க் கணக்கு 41 விநாடி குறைத்துச் சொன்னது. அக்காலத்து ஐரோப்பாவின் சிறந்த பட்டியல்களாகிய தோபியாஸ் மாயரின் பட்டியல்கள் 68 விநாடி கூட்டிச் சொல்லின.

இச்செய்தியை மேடைகளில் முழங்குவோர் உண்டு. அவர்கள் அடுத்த செய்தியைச் சொல்வதில்லை. ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்து, சென்னை வானாய்வு நிலையத்தில் முன்பு பொறுப்பு வகித்த ஜான் வாரன் என்பவர், அதே புதுச்சேரியில் பஞ்சாங்கக் கணக்கர் ஒருவரைக் கண்டு, 1825 மே 31, ஜூன் 1 இரவில் நிகழவிருந்த சந்திர கிரகணத்தைக் கணிக்கச் செய்தார். அக்கணக்கர் தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாக வைத்திருந்த வாக்கியங்களைச் சொல்லிச் சொல்லி, ஓர் எழுத்தும் எழுதாமல் கணக்கை முடித்தார். வானியல் கோட்பாடு எதையும் அவர் அறிந்திருக்கவில்லை என்றும் நினைவாற்றல் ஒன்றே அவருடைய கருவி என்றும் வாரன் எழுதுகிறார். அதே ஆண்டு வெளிவந்த 'கால சங்கலித' என்ற அவர் நூலில் இது முழுமையாகப் பதிவாகியுள்ளது. 1952இல் ஓட்டோ நாய்கெபாவர் என்ற அறிஞர் 'தமிழ் வானியல்' என்ற கட்டுரையில் இக்கணக்கைச் சரிபார்த்தார். கிரகணத்தின் தொடக்கத்தில் 4 நிமிடப் பிழை, நடுவில் 23 நிமிடம், முடிவில் 52 நிமிடம்.

இரண்டு கணக்கும் ஒரே ஊரில், ஒரே மரபில் செய்யப்பட்டவை. முதலாவது பெருமிதத்துக்கும் இரண்டாவது ஏளனத்துக்கும் பயன்படுவதில் நமக்கு உடன்பாடில்லை. பாபிலோனியக் களிமண் ஏடுகளில் கண்ட 248 நாள் சுற்றைப் புதுச்சேரித் தெருவில் உயிரோடு இருந்த ஒருவரின் நாவில் கண்டதுதான் நாய்கெபாவரை வியக்க வைத்தது. ஈராயிரம் ஆண்டு பழமையுடைய ஒரு கணக்கு, புத்தகத்தின் துணையின்றி, சோழியின் துணையோடு 1825 வரை வந்துசேர்ந்திருந்தது. அது வந்த வழியில் ஒரு குறையும் கூடவே வந்தது.

அக்குறை யாது என்பதைச் சற்று விரிவாகப் பார்ப்பது நன்று. இன்றைய நாட்காட்டிக் குழப்பங்களில் பெரும்பகுதி அதில்தான் வேர்கொண்டிருக்கிறது. பண்டைய கணக்கு சந்திரனின் சீரற்ற நடைக்கு ஒரே ஒரு திருத்தத்தைத்தான் கொடுத்தது. ஏறக்குறைய ஐந்து பாகை. உண்மையில் சூரியனின் ஈர்ப்பும் சந்திரனை இழுத்து அலைக்கழிக்கிறது. அதனால் வேறு திருத்தங்களும் வேண்டும். அவற்றுள் பெரியது ஒரு பாகைக்கு மேற்பட்டது. அடுத்தது முக்கால் பாகைக்குச் சற்றுக் குறைந்தது. ஆனால் அமாவாசையிலும் பௌர்ணமியிலும் முதல் இரு திருத்தங்களும் சேர்ந்து ஏறக்குறைய அந்த ஐந்து பாகையாகவே நிற்கும். பண்டையோர் தம் கணக்கைக் கிரகணங்களைக் கொண்டு சரிபார்த்தார்கள். கிரகணம் நிகழ்வதோ அமாவாசையிலும் பௌர்ணமியிலும் மட்டுமே. ஆகவே குறை அவர்கள் கண்ணில் படாமலே போயிற்று. பிழை பெருகுவது அட்டமியை ஒட்டிய நாள்களில். அங்கே திதி முடியும் நேரம் வாக்கியத்திலும் திருக்கணிதத்திலும் பல மணி நேரம் வேறுபடும். கிரகணத்தைச் சரியாகச் சொல்கிறதே, ஏகாதசியை மட்டும் எப்படித் தவறாகச் சொல்லும் என்று கேட்பவர்களுக்கு விடை இதுதான். வாக்கியக் கணக்கில் ஒரு திதி 65 நாழிகைக்கு மேல் நீளாது, 54 நாழிகைக்குக் கீழ் குறுகாது என்பது பழைய விதி. வானத்தில் உள்ள சந்திரன் அவ்விதியை அறியாது. ஏறத்தாழ 50 நாழிகைக்கும் 67 நாழிகைக்கும் இடையே அது ஊசலாடுகிறது.

'திருக்கணிதம்' என்ற சொல்லைக் கேட்கும் தமிழ்க் காது அதைத் திருமுறை, திருவாசகம் போல ஒரு 'திரு'வாகவே கேட்கிறது. உண்மையில் அது 'த்ருக்', அதாவது காண்டல். கண்ணால் கண்டதோடு ஒத்துவரும் கணிதம் என்பது பொருள். இந்தச் சிந்தனை மேலைநாட்டார் வந்தபின் எழுந்ததன்று. கேரளத்தில் நிளா நதிக்கரையில் வாழ்ந்த பரமேசுவரர், ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் கிரகணங்களைக் கண்ணால் கண்டு குறித்து, 1431இல் 'த்ருக்கணிதம்' என்ற முறையை வகுத்தார். கணக்கு வானத்தோடு ஒட்டாவிட்டால் திருத்தப்பட வேண்டியது கணக்குதான் என்பதே அம்மரபின் கொள்கை.

தமிழகத்தில் அக்கொள்கைக்குப் புதிய வலிமை தந்தவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. பஞ்சாங்கக் கணக்கு அறிந்த குடும்பத்தில் பிறந்து, சென்னை வானாய்வு நிலையத்தில் நார்மன் போக்சனின் கீழ் முதல் உதவியாளராகப் பணியாற்றியவர். 1867இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டுபிடித்தார்; 1872இல் இலண்டனின் இராயல் வானியல் கழகத்தில் உறுப்பினரானார். 1874 டிசம்பரில் வெள்ளிக்கோள் மீண்டும் சூரியனைக் கடந்தபோது (லெ ஜென்டீல் தவறவிட்ட இரட்டைக்கு அடுத்த இரட்டையின் முதலாவது அது) அதைப் பொதுமக்கள் உணரும்படி உரையாடல் வடிவில் ஒரு சிறுநூல் எழுதி, இந்திய மொழிகள் சிலவற்றிலும் வெளியிட்டார். தொலைநோக்கியில் தாம் கண்டதற்கும் பஞ்சாங்கத்தில் அச்சாவதற்கும் உள்ள இடைவெளி அவரைச் சும்மா இருக்க விடவில்லை. த்ருக்கணிதப் பஞ்சாங்கம் கணித்து வெளியிட்டார். 1880இல் மறைந்தார். தமிழ் உரைநடையில் அறிவியல் எழுதியோர் பட்டியலில் அவர் பெயர் போதிய இடம் பெறவில்லை என்பது நம் குறை.

வாக்கியக்காரர்கள் இணங்கவில்லை. கோயிலின் ஆகமமும் குடும்பத்தின் ஆசாரமும் வாக்கியத்தோடு பின்னிக் கிடந்தன. பாம்புப் பஞ்சாங்கம் இன்றும் வாக்கிய முறையில்தான் வெளிவருகிறது; அதை வாங்குவோர் குறைந்துவிடவில்லை.

விடுதலைக்குப் பின் அரசே இவ்வழக்கில் இறங்கிற்று. 1952 நவம்பரில் மேகநாத சாகா தலைமையில் நாட்காட்டிச் சீர்திருத்தக் குழு அமைக்கப்பட்டது. புகழ்பெற்ற இயற்பியலறிஞர், அப்போது மக்களவை உறுப்பினரும்கூட. நாட்டில் ஏறத்தாழ முப்பது வகை நாட்காட்டிகள் வழங்கின என்பதை நேரு குழுவுக்கு எழுதிய செய்தியில் குறிப்பிட்டார். 1955இல் அறிக்கை வந்தது. சாகாவின் குற்றச்சாட்டு எளியது. நம் முன்னோர் மேட ரவியை வசந்த விடுவத்தோடு, அதாவது பகலும் இரவும் சமமாகும் நாளோடு பொருத்தி ஆண்டைத் தொடங்கினார்கள். நம் பஞ்சாங்கத்து ஆண்டு விண்மீன்களைச் சார்ந்து அளக்கப்படுவதால் பருவகாலத்தின் ஆண்டைவிடச் சற்று நீளம்; அந்த 'சற்று' சேர்ந்து சேர்ந்து இன்று இருபத்துமூன்று, இருபத்துநான்கு நாளாகியிருக்கிறது. மார்ச் 21இல் தொடங்கவேண்டியதை ஏப்ரல் 14இல் தொடங்குகிறோம்; டிசம்பர் 22இலேயே சூரியன் வடக்கே திரும்பிவிட, உத்தராயணத்தைத் தை முதல் நாளில் கொண்டாடுகிறோம். வாரன் நூல் எழுதிய காலத்தில் சித்திரை முதல் நாள் இன்றைக்கு மூன்று நாள் முந்தி வந்தது. இப்படியே விட்டால் பொங்கல் கோடையை நோக்கி நகர்ந்துகொண்டே போகும்.

குழுவின் பரிந்துரைப்படி 1957 மார்ச் 22, சக ஆண்டு 1879 சைத்திரம் முதல் நாளாயிற்று. அரசிதழிலும் வானொலி அறிவிப்பிலும் அந்தத் தேதி இன்றும் இடம்பெறுகிறது. சமயத் திருநாள்களுக்காக 'ராஷ்ட்ரிய பஞ்சாங்கம்' என்ற ஒன்றைத் தமிழ் உட்படப் பல மொழிகளில் அரசு வெளியிட்டு வருகிறது. கொல்கத்தாவில் உள்ள நிலை வானியல் மையம் அதைக் கணிக்கிறது. மக்கள் எவரும் சைத்திரம் பத்தாம் தேதி என்று கடிதம் எழுதவில்லை. வானியலாளர் என்ற முறையில் சாகா சொன்னவற்றில் குற்றம் காண்பது கடினம். ஆயினும் ஒரு நாள் திருநாளாவது வானத்தின் ஆணையால் மட்டுமன்று, அன்று கூடுவோம் என்று ஊர் ஒப்புக்கொள்வதாலும்தான் என்பதை அவ்வறிக்கை குறைத்தே மதிப்பிட்டது என்பது நம் கருத்து. 2008இல் தை முதல் நாளே தமிழ்ப் புத்தாண்டு என்று சட்டம் இயற்றியதும், 2011இல் அச்சட்டம் நீக்கப்பட்டதும் இதே பாடத்தின் அண்மைப் பக்கங்கள்.

இனி, முன்னர் சொன்ன இலக்கிய வழக்குக்கு வருவோம். மதுரை எரிவதற்குக் குறிக்கப்பட்டிருந்ததாகச் சிலப்பதிகாரம் கூறும் நாள் எது? ஆடி மாதம், தேய்பிறை, கார்த்திகை நட்சத்திரம், அட்டமித் திதி, வெள்ளிக்கிழமை. பஞ்சாங்கத்தின் ஐந்து உறுப்பில் மூன்று இங்கே உள்ளன. இவ்வளவு குறிப்பு இருந்தால் ஆண்டைக் கண்டுபிடித்துவிட முடியாதா என்று துணிந்தவர் இ. டா. சாமிக்கண்ணுப் பிள்ளை. 1865இல் பிறந்தவர்; கிறித்தவர்; அரசு அலுவலர்; பின்னாளில் சென்னைச் சட்டமன்றத் தலைவராக இருந்து 1925இல் மறைந்தவர். 1911இல் 'இந்தியக் காலவியல்' நூலையும், பின்னர் கி.பி. 700 முதல் 1799 வரை நாள்தோறும் திதி, நட்சத்திரம் முடியும் நேரங்களைக் காட்டும் 'இந்தியன் எபிமெரிஸ்' தொகுதிகளையும் அளித்தார். கணிப்பொறி இல்லாத காலத்தில் ஆயிரத்து நூறு ஆண்டுகளின் ஒவ்வொரு நாளையும் ஒருவர் இவ்வாறு கணித்து அச்சேற்றினார் என்பதை நினைக்கும்போதெல்லாம் நமக்கு மலைப்பே மிஞ்சுகிறது. கல்வெட்டு ஆய்வாளர் மேசைகளில் அத்தொகுதிகள் இன்றும் உள்ளன.

சிலப்பதிகாரக் குறிப்புக்கு அவர் கண்ட விடை கி.பி. 756. பரிபாடலின் பதினோராம் பாடலில் வரும் கோள்நிலைக் குறிப்புக்கு அவர் கண்ட விடை கி.பி. 634. தமிழுலகம் கொதித்தது. செங்குட்டுவனையும் கயவாகுவையும் இணைத்து இரண்டாம் நூற்றாண்டில் காப்பியத்தை நிறுத்தியிருந்தோர்க்கு இது எவ்வளவு கசப்பாக இருந்திருக்கும்!

கசப்பைத் தள்ளிவிட்டுக் கணக்கை மட்டும் பார்ப்போம். தேய்பிறை அட்டமியில் சந்திரன் சூரியனுக்கு ஏறத்தாழத் தொண்ணூறு பாகை பின்னால் நிற்கும். அது கார்த்திகையில் நிற்கவேண்டுமானால் சூரியன் கடக ராசியின் கடைசி மூன்றிலொரு பங்கில் இருக்கவேண்டும்; அதாவது ஆடியின் கடைசிப் பத்துப் பன்னிரண்டு நாள்கள். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை ஏறக்குறைய இவ்வமைவு வந்துவிடும். அது வெள்ளிக்கிழமையாகவும் அமைவது அவற்றில் ஏழில் ஒரு பங்கு. ஆக, ஒரு நூற்றாண்டில் நான்கைந்து முறை இந்த நாள் வரும்! இதைக்கொண்டு ஓர் ஆண்டை மட்டும் தனித்துச் சுட்ட முடியாது. வேறு சான்றால் நூற்றாண்டு உறுதியானால் மட்டுமே இக்குறிப்பு ஆண்டைத் தேர்ந்தெடுக்க உதவும். மேலும், குறிக்கப்பட்டிருப்பது அட்டமி. வாக்கியமும் வானமும் மிகவும் பிணங்கும் இடம் அதுவே என்று மேலே கண்டோம். இளங்கோவடிகள் எந்தக் கணக்கில் திதி பார்த்தார் என்பது தெரியாதவரை, சில மணி நேர வேறுபாட்டில் வெள்ளி வியாழனாகவோ சனியாகவோ மாறிவிடக்கூடும். காப்பியத்தின் அந்த அடிகளை உண்மையில் நிகழ்ந்த ஒரு நாளின் பதிவாகக் கொள்வதா, தீய நாளின் இலக்கணமாகக் கொள்வதா என்ற வினா வேறு இருக்கிறது.

கல்வெட்டுகளில் இதே முறை வெற்றி கண்டதற்குக் காரணம் எண்ணிக்கை. சோழர் கல்வெட்டுகள் ஆட்சியாண்டு, மாதம், பக்கம், கிழமை, நட்சத்திரம் என்று அடுக்கிச் சொல்பவை. அவை பலவற்றை ஒருசேரச் சோதித்தே முதலாம் இராசராசன் 985 ஜூன் 25க்கும் ஜூலை 25க்கும் இடைப்பட்ட ஒரு நாளில் ஆட்சிக்கு வந்தான் என்று கீல்ஹார்ன் நிறுவினார். ஒரு கல்வெட்டு பொருந்தினால் அது தற்செயலாக இருக்கலாம். இருபது பொருந்தினால் தற்செயல் என்று தள்ளமுடியாது. கல்வெட்டிலும் கிழமை பிழையாகப் பொறிக்கப்பட்ட இடங்கள் உண்டு. அன்றைய கணக்கரும் தடுமாறியிருக்கிறார்.

விடுமுறை நாள் என்பது முற்றிலும் வேறொரு மரபு. உள்ளூர்த் தேருக்கு மாவட்ட ஆட்சியர் விடும் விடுமுறை அறிவிப்பின் அடியில், இது 1881ஆம் ஆண்டுச் செலாவணி முறிச் சட்டத்தின்படியான பொது விடுமுறை அன்று என்ற வரியைப் பலர் கண்டிருப்பர். உண்டியலின் தவணை நாள் விடுமுறையில் விழுந்தால் என்ன செய்வது என்று வணிகர்க்காக இயற்றப்பட்ட சட்டம், நம் பண்டிகைகளுக்கு அரசு முத்திரை குத்தும் கருவியாயிற்று. சிவகாசியில் அடுத்த ஆண்டுக் காலண்டர்களின் மாதிரித் தொகுப்பை ஆடிப்பெருக்கன்றே வெளியிட்டுவிடுவார்கள். அரசின் விடுமுறைப் பட்டியல் பெரும்பாலும் ஆண்டின் கடைசி மாதங்களில்தான் வரும். ரமலான், பக்ரீத் போன்றவை பட்டியலில் இருந்தாலும் பிறை தென்பட்டபின் தலைமைக் காஜி அறிவிப்பதே முடிவு. கண்ணால் காண்பதை இன்றளவும் விட்டுக்கொடுக்காத மரபு அது. ஒரு வகையில் அதுவே மெய்யான 'த்ருக்'.

கோயில்களின் தனி வழக்கம் வேறு. 2021இல் திருவரங்கத்தில் வைகுண்ட ஏகாதசி டிசம்பர் 14ஆம் நாள், கார்த்திகையிலேயே நடந்தது; ஏனைய திருத்தலங்கள் பலவற்றில் 2022 ஜனவரி 13. கோயிலின் மற்றோர் உற்சவத்தோடு நாள்கள் முட்டிக்கொள்வதைத் தவிர்க்க, பத்தொன்பது ஆண்டுக்கு ஒருமுறை இவ்வாறு செய்வது அங்கே வழக்கம். எந்த மென்பொருள் இதை அறியும்?

மென்பொருள்கள் கணக்கில் பிழை செய்வது இன்று அரிது. ரெயின்கோல்டு, டெர்ஷோவிட்சு இருவரும் 1997இல் வெளியிட்ட நாட்காட்டிக் கணக்கு நூல் உலகின் பல நாட்காட்டிகளையும் கணிப்பொறி நெறிகளாக்கித் தந்தது. இந்திய முறைகளும் அதில் உள்ளன. சப்பானியப் பேராசிரியர் மிச்சியோ யானோ சூரிய சித்தாந்தத்தின் வழியில் நாள் கணிக்கும் நிரல் ஒன்றை ஆய்வாளர் பயன்பாட்டுக்கு அளித்தார். பிழை வருவது கணக்குக்கு வெளியே. வட இந்தியாவில் அமைக்கப்பட்ட பக்கம் ஒன்று 2024இல் தீபாவளியை நவம்பர் 1 என்று காட்டினால் அது பொய்யன்று. அங்குச் சில மாநிலங்கள் அமாவாசையைக் கொண்டு அவ்வாறு கொண்டாடின. நமக்கோ விடியற்காலைச் சதுர்த்தசி; அக்டோபர் 31. சொல் ஒன்று, விதி இரண்டு. மாதப்பிறப்பிலும் அப்படியே: சூரியன் ராசி மாறுவது மறைவதற்கு முன்னானால் அன்றே முதல் தேதி என்பது தமிழ் வழக்கு, மலையாளத்தார்க்கு நண்பகலைச் சற்றுக் கடந்தாலே மறுநாள். ஒரே வானம், ஒரே சங்கிரமம், பாலக்காட்டுக்கு இப்புறமும் அப்புறமும் வெவ்வேறு தேதி.

ஆகவே இணையத்து நாட்காட்டி ஒன்றைத் திறந்ததும் நாம் தேடுவது தேதியை அன்று, முகவுரையை. வாக்கியமா திருக்கணிதமா, எந்த அயனாம்சம், எந்த ஊரின் சூரியோதயம் என்ற மூன்றையும் சொல்லாத பக்கத்தை மூடிவிடலாம். ராஷ்ட்ரிய பஞ்சாங்கம் தன் கணக்கு கிழக்குத் தீர்க்கரேகை 82½ பாகைக்கு உரியது என்று முன்னரே சொல்லிவிடுகிறது. அந்த நாணயம் நமக்குப் பிடிக்கும். சென்னையில் ஞாயிறு காலை தொடங்கும் திதி டொரொன்டோவில் சனிக்கிழமை இரவே தொடங்கிவிடும். அங்குள்ள கோயில்கள் தம் ஊருக்கெனத் தனியே கணித்து வெளியிடும் நாட்காட்டியே அங்குள்ளோர்க்கு உரியது. சென்னைத் தாளைப் படமெடுத்து அனுப்புவதால் பயனில்லை. கோயில் விழாவென்றால் கோயிலின் அறிவிப்பு; விடுமுறையென்றால் அரசாணை. இவற்றுக்கு மேல் எந்தச் செயலியும் இல்லை.

வீட்டில் நிகழும் ஒன்று மட்டும் எஞ்சுகிறது: பெற்றோர் மறைந்த திதி. இறந்தது தேய்பிறை சப்தமியா அட்டமியா என்று அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு பஞ்சாங்கத்தோடு வழக்காடும் வீடுகளை நாம் பார்த்திருக்கிறோம். வெவ்வேறு நாளில் படையலிட்டு அதனாலேயே பேச்சு நின்றுபோன வீடுகளும் உண்டு. சாமிக்கண்ணுப் பிள்ளை கல்வெட்டுக்குச் செய்ததையே இங்கும் செய்யவேண்டும். திதியின் பெயரை மட்டும் எழுதி வைக்காமல், ஆங்கிலத் தேதி, மணி, ஊர், அன்று பார்த்த பஞ்சாங்கத்தின் பெயர் ஆகியவற்றையும் குடும்ப நாட்குறிப்பில் குறித்து வைத்தால், ஐம்பது ஆண்டு கழித்து வரும் பேரப்பிள்ளை எந்தக் கணக்கிலும் அந்த நாளை மீட்டுக்கொள்ளலாம்.